வடக்கே வேறொன்றும் இல்லை

சந்தியாகுதுறை (வேம்பார் வழி)
11 பிப்ரவரி 2024

மரியே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வில்பிரட் எழுதுவது. நானும் எமில்டாவும் சுகம். மகன் கிளைட்டன் தூத்துக்குடியில் ஷிப்பிங் ஏஜென்சி வேலையில் இருந்துகொண்டு சனிக்கிழமைதோறும் வந்து போகிறான், அவனும் சுகம். நாக்பூரில் குளிர் விட்டதா? மூட்டுவலி எப்படி? காது மெஷினைப் போட்டுப் பார்த்தாயா, இல்லை இன்னும் டப்பாவில்தான் கிடக்கிறதா?

விடுதி வேலை மாடி வரைக்கும் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நீ நர்ஸாக நின்று கால் வீங்கிச் சம்பாதித்ததெல்லாம் இங்கே செங்கல்லாக நிற்கிறது. மொத்தம் ஐந்து அறை. கீழே உள்ள நாலும் வெளியூர் விருந்தாளிகளுக்கு. மாடியில் வடக்கு மூலை அறை உனக்கு. ஜன்னலைத் திறந்தால் சிலுவை நிற்கிற குருசடி, அதைத் தாண்டி வடக்குத் தெரு, தெரு முடிகிற இடத்தில் பனைமரமும் கல்லறைத் தோட்டத்துச் சுவரும் தெரியும். நீ காப்பியைக் குடித்துக்கொண்டே நம்ம மெட்டில்டாவைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஒரே ஒரு கவலை. போன மாதம் கடல் ஏறி நம் முன்வேலியைக் கொண்டுபோய்விட்டது. இந்த ஊருக்குத் தூண்டில் வளைவு ஒன்று போடப் போகிறார்கள், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கொட்டுகிற கல்வரிசை. ஊருக்கு ஒன்றுதான் பாஸாகியிருக்கிறது. அதைத் தெற்கே போடுவதா வடக்கே போடுவதா என்று அளக்க வந்தவர்கள் கேட்டார்கள். வடக்குத் தெரு அற்புதமணி ஒரே பிடியாக நிற்கிறான். "ஏலே, எங்க வீடுதாம்லே கடலுக்குப் பக்கத்துல கெடக்கு. உன் பங்களா இன்னும் பூசக்கூட இல்ல" என்கிறான். அவனும் கூட்டம் சேர்த்துக் கையெழுத்து வாங்குகிறான்.

நமக்காக ஒரு மனு வேண்டும், இங்கிலீஷில், எடுத்த எடுப்பில் கலெக்டர் ஆபீஸில் மடக்குகிற மாதிரி. கப்பலில் முப்பது வருஷம் கரண்டி பிடித்தவனுக்கு அதெல்லாம் வராது. நீதான் எழுத வேண்டும்.

உன் தம்பி
வில்பிரட்

*

நாக்பூர்
2 மார்ச் 2024

அன்புள்ள வில்பிரட்,

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டாரையும் காப்பாராக. பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டுத்தான் இந்தக் கவலையெல்லாம் படுகிறாய் என்று உன் கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தினமும் போடு. எமில்டாவின் சர்க்கரை அளவை எழுது. எனக்குக் காதைத் தவிர எல்லாம் சுகம். மெஷினைப் போட்டால் உலகத்து மிக்ஸி அத்தனையும் தலைக்குள் ஓடுகிறது, டப்பாவிலேயே கிடக்கட்டும். போன் எனக்கு உதவாது, அந்த வாட்ஸப்பும் வேண்டாம். தாளில் எழுது. தாளில் எழுதுகிறவன் கொஞ்சமாவது யோசித்து எழுதுவான்.

மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன். எங்கள் முதியோர் இல்லத்து சிஸ்டர்கள் படித்துவிட்டு, நான் வக்கீலுக்குப் போயிருக்க வேண்டியவள் என்றார்கள். நீ புரிந்துகொண்டு கையெழுத்துப் போட, முக்கியமான இடத்தை மட்டும் தமிழில் சொல்கிறேன்: "தெற்குக் கரையில் முதலீடும் வேலைவாய்ப்பும் சுற்றுலாவும் வளர்ந்துவருகின்றன. வடக்கே ஒரு கல்லறைத் தோட்டமும் சில குடிசைகளும் தவிர வேறொன்றும் இல்லை." எப்படி? அற்புதமணி எத்தனை கையெழுத்து வாங்கினாலும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்தக் கல்லறைத் தோட்டத்தில் நம் பூட்டன் காலத்திலிருந்து கடல் கால் வைத்ததில்லை. அவனுக்கு நம்மேல் பொறாமை, வேறொன்றுமில்லை.

இன்னொரு காரியம். சொல்லிச் சொல்லி உனக்குச் சலித்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். நான் செத்தால் எனக்குப் புதுக் குழி வெட்டக் கூடாது. நம் வழக்கப்படி பழைய எலும்பை ஓரமாக ஒதுக்கிவிட்டு மெட்டில்டாவின் குழியிலேயே என்னை வைக்க வேண்டும். அவளுக்கு மூளைக்காய்ச்சல் என்று தந்தி வந்தபோது நான் இங்கே டியூட்டியில் நின்றேன். ரயில் பிடித்து வந்து சேர்வதற்குள் அடக்கம் செய்துவிட்டீர்கள். நான் பெற்று உங்களிடம் விட்டுவந்த ஐந்து வயதுப் பிள்ளையின் முகத்தை நான் பார்க்கவில்லை. சிலுவைக்குப் பூசின சிமெண்ட் காய்வதற்குள் என் கை நீல வளையலை உடைத்து அதில் பதித்தேன். அவ்வளவுதான் என்னால் அவளுக்குச் செய்ய முடிந்தது. ஆகையால் பக்கத்தில் படுக்கும் பாக்கியமாவது எனக்கு வேண்டும்.

அக்கா
அமலோற்பவம்

*

சந்தியாகுதுறை
20 நவம்பர் 2024

மரியே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லாரும் சுகம். மாத்திரை தவறாமல் போடுகிறேன், எமில்டா சாட்சி. இடையில் இரண்டு கடிதத்தில் "ஃபைல் நகரவில்லை" என்று புலம்பினேன் அல்லவா? இப்போது வாயைத் திறந்து சிரிக்கிறேன். உன் மனு ஜெயித்துவிட்டது! கல் கொட்டி முடித்துவிட்டார்கள், தெற்குக் கரையிலேயே, நம் வீட்டுக்கு வடக்கே கொஞ்சம் தள்ளி. கலெக்டர் ஆபீஸ் அதிகாரி உன் இங்கிலீஷைப் பார்த்துவிட்டு, இதை யார் எழுதினது என்று கேட்டார். என் அக்கா என்றேன்.

கல்லு விழுந்த பிறகு நம் வாசலில் மணல் சேருகிற அதிசயத்தை நீ பார்க்க வேண்டும். முன்பு வேலி போன இடத்தில் இப்போது கிளைட்டனும் அவன் கூட்டாளிகளும் கிரிக்கெட் ஆடுகிறார்கள். மதுரையிலிருந்து ஒரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு அமைதியான இடம் நான் பார்த்ததில்லை" என்று சொல்லிப் பக்கத்து மனையைக் கேட்கிறார்.

விடுதிக்குப் பெயர் வைத்தாயிற்று. மெட்டில்டா இல்லம். நீலப் பலகையில் வெள்ளை எழுத்து.

கல்லறைத் திருநாளுக்கு உன் பேரைச் சொல்லி மெழுகுதிரி ஏற்றினோம். எமில்டா சிலுவையைக் கழுவினாள். வளையல் துண்டெல்லாம் அப்படியே இருக்கிறது. கல்லறைத் தோட்டத்துக்கு முன்னால் கடல் கரையைக் கொஞ்சம் கடித்திருக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை. காற்று மாறினால் சரியாகிவிடும்.

உன் தம்பி
வில்பிரட்

*

நாக்பூர்
8 ஜனவரி 2025

அன்புள்ள வில்பிரட்,

புது வருஷத்தில் உங்கள் மூவருக்கும் ஆண்டவர் நல்ல உடம்பைக் கொடுக்கட்டும். பலகையில் அவள் பெயர் என்று படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. துக்கம் என்று நினைக்காதே. அவள் பெயரை இத்தனை வருஷத்தில் யாரும் சத்தமாகச் சொன்னதில்லை, இனி ஆட்டோக்காரன்கூடச் சொல்வானே என்றுதான்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். ஆகஸ்ட்டோடு இந்த இல்லத்து அறையைக் காலி செய்கிறேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கை, ஒரு மாதா சுரூபம், இவ்வளவுதான் என் சொத்து. மாடி அறைக்குக் கொசுவலை மாட்டிவை. கக்கூஸில் கைப்பிடி வேண்டும், மறக்காதே.

கடல் கடித்திருக்கிறது என்று எழுதினாயே, எவ்வளவு? சுவர் வரைக்குமா? அதை மட்டும் எழுது. சிலுவைக்கு இந்த வருஷம் வெள்ளை அடித்துவிடு. நீல வளையல்மேல் சுண்ணாம்பு படாமல் பார்த்து அடிக்க வேண்டும்.

அக்கா
அமலோற்பவம்

*

சந்தியாகுதுறை
17 ஆகஸ்ட் 2025

மரியே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லாரும் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. விருந்தாளி வரவு அதிகம். குசினியில் நின்று நின்று கை கால் எனக்குச் சொந்தமில்லை. என் நண்டுக் குழம்புக்கென்றே கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் இரண்டாம் தடவையும் வந்துவிட்டது.

நீ இப்போது வர வேண்டாம். வெயில் தாங்காது. தண்ணீர் லாரியில் வருகிறது, அதுவும் உப்புக் கரிக்கிறது. மாடி அறைக்கு இன்னும் பெயிண்ட் வாசனை போகவில்லை, உனக்கு இருமல் வரும். கிறிஸ்மஸ் கழியட்டும், பார்க்கலாம். இல்லத்து சிஸ்டர்களிடம் சொல்லி அறையை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்.

சிலுவைக்கு வெள்ளை அடித்தாயிற்று. வளையல்மேல் படாமல்தான் அடித்தேன்.

ஊரில் வழக்கமான சச்சரவுகள்தான். வடக்குத் தெருக்காரர்கள் சிலர் நம் வீட்டுப் பக்கம் வருவதில்லை. நாம் நன்றாக இருப்பது நாலு பேருக்குப் பொறுக்காது. கைப்பிடி மாட்டியாயிற்று. கொசுவலையும் வாங்கிவிட்டேன்.

உன் தம்பி
வில்பிரட்

*

தூத்துக்குடி
25 செப்டம்பர் 2025

அன்புள்ள அத்தைக்கு,

கிளைட்டன் எழுதுகிறேன். நலமா அத்தை? நான் பேப்பரில் லெட்டர் எழுதுவது ஸ்கூலுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை, தப்பிருந்தால் திட்டாதீர்கள்.

அப்பா உங்களிடம் சொன்னாரா தெரியவில்லை, நம் இல்லத்துக்குப் பக்கத்து இடத்தை மனை போட்டு விற்கப் போகிறோம். மதுரை டாக்டர் ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். ரிட்டயர் ஆகிறவர்களுக்கு ஏற்ற இடம் என்று விளம்பரம் செய்கிறோம். முதலீட்டில் பெரிய பங்கு உங்களுடையது, அதனால் விளம்பரப் புத்தகத்தின் முதல் பிரதியை உங்களுக்கு அனுப்புகிறேன். அட்டைப் படம் டிரோனில் எடுத்தது. காலை வெயிலில் நம் ஊர் முழுக்க விழுந்திருக்கிறது, பாருங்கள். பீச் எவ்வளவு அகலம் என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

அப்பாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. பேச்சுத்தான் குறைந்துவிட்டது. வேலைக் களைப்பு என்று நினைக்கிறேன்.

அன்புடன்
கிளைட்டன்

*

நாக்பூர்
14 அக்டோபர் 2025

அன்புள்ள எமில்டாவுக்கு,

உன் சர்க்கரையையும் முழங்கால் வலியையும் விசாரித்து எழுதுகிற கடிதம் இல்லை இது. இருந்தாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்? இந்தக் கடிதத்தை வில்பிரட்டிடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

உன் மகன் படம் அனுப்பியிருக்கிறான். நல்ல பிள்ளை, எனக்கு எது தெரியாது என்பது அவனுக்குத் தெரியாது. படத்தை சிஸ்டர் ஒருத்தியின் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நம் விடுதி தெரிகிறது. கல்வரிசை தெரிகிறது. அதற்குத் தெற்கே மணல், வேண்டிய மட்டும் மணல். குருசடி தெரிகிறது. குருசடிக்கு வடக்கே வீடுகள், பாதித் தெருவரைக்கும். அதற்கப்புறம் தண்ணீர்.

முதலில் படத்தை வெட்டிவிட்டான் என்று நினைத்தேன். வெட்டவில்லை. தண்ணீருக்குள்ளே இரண்டு பனைமரம் சாய்ந்து நிற்கிறது.

நான் நர்ஸாக இருந்தவள். எத்தனையோ பேருடைய முகத்துக்கு நேராகக் கெட்ட செய்தி சொல்லியிருக்கிறேன், அதை எப்படிக் கேட்டுக்கொள்வது என்றும் எனக்குத் தெரியும். என் மகள் எங்கே, எமில்டா?

மதினி
அமலோற்பவம்

*

சந்தியாகுதுறை
6 நவம்பர் 2025

மரியே வாழ்க.

பாசமுள்ள மதினிக்கு எமில்டா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

எனக்கு உங்களைப் போல எழுதத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன். கல் போட்ட பிறகு வடக்கே போக வேண்டிய மணலெல்லாம் நம் வாசலிலேயே தங்கிவிட்டது. அங்கே கரை அரித்துக்கொண்டே போனது. இந்த வருஷம் தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று தொடங்கினதும் கடல் பனைமரத்துக்கு அடியில் போய்விட்டது. ஜூன் மாதம் சுவர் விழுந்தது. அதற்குப் பிறகு குழிகள்.

இரண்டு தெரு ஆம்பிளைகளும் ஓடினார்கள் மதினி, அதில் பேதம் இல்லை. கையில் கிடைத்த உரச்சாக்கை எடுத்துக்கொண்டு போய் அலைக்கும் மண்ணுக்கும் நடுவில் நின்று அள்ளினார்கள். யாருடைய எலும்பு யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. சாமியார் எல்லாவற்றையும் மந்திரித்துக் கோயிலுக்குப் பின்னால் ஒரே குழியில் வைத்தார். ஒரே சிலுவை, பேர் எழுதவில்லை.

நம் மெட்டில்டாவின் குழி கடலோரமாக இருந்தது. சின்னக் குழி, முப்பத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது. ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பொதுக் குழியில் அவள் இருக்கிறாள் என்று சொல்லி உங்களைத் தேற்ற எனக்கும் ஆசைதான். அது பொய். அவளைக் கடல் கொண்டுபோய்விட்டது.

உங்கள் தம்பி மார்பளவு தண்ணீரில் இறங்கி, சிலுவையின் ஒரு கையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார். நீல வளையல் பதித்த கை. அப்போது அற்புதமணி தன் அப்பாவின் எலும்பு கிடைக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் கத்தினான்: "ஏலே வில்பிரட், நல்லா பாத்துக்க. எங்கய்யாவ நான் சாக்குல அள்ளுதேன். உன் மவன் அங்கன பந்து வெளாடுதான்!" அடுத்த வாரம் அவன் வீடும் போய்விட்டது. இப்போது பெண்டாட்டி பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் இருக்கிறான். மீதி நிற்கிற வீடுகளின் வாசல்படியில் கடல் நிற்கிறது. வடக்கேயும் ஒரு கல்வரிசை போடலாம் என்று பேச்சு வந்தது, அதற்கு அடுத்த ஊர்க்காரர்கள், எங்கள் கரை போய்விடும் என்று மறியல் செய்தார்கள்.

அந்தச் சிலுவைத் துண்டு உங்கள் மாடி அறையில் இருக்கிறது. நீங்கள் வெள்ளை அடிக்கச் சொன்னீர்கள் அல்லவா? அந்தத் துண்டுக்கு வெள்ளை அடித்துவிட்டுத்தான் உங்களுக்குக் கடிதம் எழுதினார். "நான் பொய் எழுதலயே எமில்டா, அடிச்சுட்டுத்தான எழுதினேன்" என்றார். உங்கள் அறையையும் இப்போது வாடகைக்கு விடுகிறோம். ஆள் வந்தால் துண்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார், போன பிறகு எடுத்து மேசைமேல் வைப்பார்.

பூசைக்குப் போனால் என் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கல்லறைத் திருநாளுக்கு ஊர் முழுக்க அந்த ஒரே குழியைச் சுற்றி நின்றது. நான் உங்கள் பேருக்கு ஒரு மெழுகுதிரி கொண்டுபோனேன். எங்கே வைப்பதென்று தெரியாமல் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

எமில்டா

*

நாக்பூர்
30 நவம்பர் 2025

அன்புள்ள வில்பிரட்,

எமில்டா எழுதிவிட்டாள். அவளிடம் கோபப்பட்டால் நான் சும்மா இருக்க மாட்டேன். நீ மாத்திரை போடு.

உன்னைத் திட்டலாம் என்று மூன்று தாள் எழுதிக் கிழித்தேன். தண்ணீரில் இறங்கினாயே, அதை நினைத்தால் திட்ட வாய் வரவில்லை. வெள்ளை அடித்ததை நினைத்தால் உன் கன்னத்தில் அறைய வேண்டும்போல் இருக்கிறது. பாவிப் பயலே, ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? கொசுவலை வாங்கினதை எழுதத் தெரிந்த உனக்கு!

ஆனால் அந்த மனுவை எழுதினவள் நான். "வடக்கே ஒரு கல்லறைத் தோட்டமும் சில குடிசைகளும் தவிர வேறொன்றும் இல்லை." சிஸ்டர்களுக்கு வாசித்துக்காட்டிப் பெருமைப்பட்டேனே! என் மகள் படுத்திருக்கிற இடத்தை, வேறொன்றும் இல்லை என்று என் கையாலேயே எழுதி முத்திரை ஒட்டி அனுப்பினேன். அதிகாரி என் பேச்சை நம்பினார். கடலும் நம்பிவிட்டது போலிருக்கிறது. பல நாள் என்னால் இந்த அறையைவிட்டு வெளியே வர முடியவில்லை.

இப்போது வேறொரு மனு எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு சேர்த்துக் குண்டூசியால் குத்தியிருக்கிறேன். அந்தக் கல்வரிசையை எடுத்துவிடக் கேட்கிற மனு. உனக்காகத் தமிழில் சொல்கிறேன்: "வடக்கே மனிதர் குடியிருக்கும் வீடுகள் இன்னும் நிற்கின்றன. தெற்கே ஒரு விருந்தினர் விடுதி தவிர வேறொன்றும் இல்லை."

கல்லை எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மணல் போகும், முன்வாசல் போகும், ஒருநாள் அந்த மாடி அறையும் போகும். மதுரை டாக்டரின் அட்வான்ஸைத் திருப்பிக் கொடு. அது என் பணமும்தான், உன் ஆயுசும்தான், இரண்டும் எனக்குத் தெரிந்தே சொல்கிறேன். எடுப்பார்களோ மாட்டார்களோ, கேட்க வேண்டியது நம் கடமை. போடச் சொன்னவர்களே எடுக்கச் சொன்னால்தான் காதில் ஏறும்.

அடியில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எனக்குக் கீழே நீ போடு. போட்டு அற்புதமணியிடம் கொண்டுபோய்க் கொடு. அவன் முகத்தைப் பார்த்துக் கொடு.

அக்கா
அமலோற்பவம்

*

சந்தியாகுதுறை
10 பிப்ரவரி 2026

மரியே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லாரும் சுகம். உன் சுகத்துக்காகத் தினமும் ஜெபமாலையில் வேண்டிக்கொள்கிறோம். கிறிஸ்மஸுக்கு எல்லா அறையும் நிரம்பிவிட்டது. பாயாசம் வைத்தேன், நீ இருந்திருந்தால் இரண்டு கிண்ணம் கேட்டிருப்பாய். எமில்டாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. கிளைட்டனுக்கு ஆலந்தலைப் பக்கம் ஒரு பெண் பார்க்கிறோம், ஆசிரியை. நம் இல்லத்தைப் பார்த்துத்தான் அவர்களும் சம்மதித்தார்கள்.

உன் கடிதம் கிடைத்தது. மனு அனுப்பியிருப்பதாக எழுதியிருந்தாய், ஆனால் கவரில் கடிதம் மட்டும்தான் இருந்தது. தபாலில் எங்கேயோ தவறியிருக்கும். காலம் கெட்டுக் கிடக்கிறது. போனால் போகட்டும், இந்த வயதில் நீ இதையெல்லாம் மனதில் போட்டு உழப்பிக்கொள்ளாதே. நடந்தது நடந்துவிட்டது. பிள்ளையின் ஆத்துமம் மோட்சத்தில் இருக்கிறது, மண்ணில் என்ன இருக்கிறது?

கோயிலுக்குப் பின்னால் அந்தக் குழிக்குப் பக்கத்தில் உனக்கு இடம் கேட்டுப் பார்க்கிறேன். சாமியார் மறுக்க மாட்டார்.

உன் தம்பி
வில்பிரட்

*

நாக்பூர்
3 மார்ச் 2026

வில்பிரட்,

நான் சுகம். நீ சுகம் என்று எழுதியிருக்கிறாய், படித்துக்கொண்டேன்.

தபாலைக் குறை சொல்லாதே. கடிதத்தையும் மனுவையும் ஒரே குண்டூசியில் குத்தியிருந்தேன். ஒன்று வந்து இன்னொன்று வராமல் போக அதற்கென்ன காலா முளைத்திருக்கிறது? அந்த மனு போன வியாழக்கிழமை எனக்கே திரும்பி வந்தது. குண்டூசி ஓட்டை அப்படியே இருக்கிறது. நாலாக மடித்த மடிப்பில் மஞ்சள் கறை, குசினியில் எதற்கோ கீழே கிடந்திருக்க வேண்டும். என் கையெழுத்துக்குக் கீழே ஓர் ஆள் போடுகிற அளவுக்கு இடம் விட்டு, அதற்குக் கீழே எமில்டா போட்டிருக்கிறாள். முழுப் பெயரையும் எழுதியிருக்கிறாள். நடுவில் விட்டிருக்கிற இடம் உனக்கு.

இல்லத்து அறையைக் காலி செய்துவிட்டேன். டிக்கெட் எடுத்தாயிற்று, குருத்து ஞாயிறுக்கு முன்னால் வந்துவிடுவேன். உன் மாடி அறை எனக்கு வேண்டாம், அதை வாடகைக்கு விட்டுக்கொள். நான் பள்ளிக்கூடத்தில் தங்கிக்கொள்கிறேன் என்று அற்புதமணிக்குத் தனியே எழுதியிருக்கிறேன். அந்த முதல் மனுவை எழுதினவள் யார் என்பதையும் அதிலேயே எழுதிவிட்டேன். அவன் பதில் போடவில்லை. திட்டுவான், காறித் துப்பினாலும் துப்புவான். எனக்குத்தான் காது கேட்காதே. துடைத்துக்கொண்டு அவன் கையெழுத்தையும் வாங்குவேன். கட்டிலுக்கு அடியில் இருக்கிற என் பிள்ளையின் சிலுவைத் துண்டை மட்டும் எடுத்து வெளியே வை, வந்ததும் வாங்கிக்கொள்கிறேன்.

நீ ஸ்டேஷனுக்கு வருவாய், அழுவாய், நூறு காரணம் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். கிளைட்டனின் கல்யாணம் என்பாய். அக்கா, நான் எங்கே போவேன் என்பாய். அதெல்லாம் நியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் காது மெஷினை டப்பாவோடு இங்கேயே விட்டுவிட்டு வருகிறேன். நீ வாயால் சொல்வது எதுவும் எனக்குக் கேட்காது. சொல்ல வேண்டியதை எல்லாம் எழுதிக் காட்டு.

அமலோற்பவம்